அதிர்வுச் சிகிச்சையும் நம் குழந்தைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிப் பொன்முடியில் கூடிய குடும்பங்களிடையே ஆற்றிய உரை)

 

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் குறளும் கம்பனும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் எமக்கு அளித்த பொருளோ மருத்துவத்தைச் சார்ந்தது. யாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் கோப்பும் பேரேடும் புரட்டிக் காலம் கழிக்கின்றோம். ஆயினும் இப்பொருளை எம்மிடம் ஒப்படைத்ததற்குக் காரணம் உண்டு.

நம் காலனிக் குடும்பம் ஒன்றில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருக்கின்றாள். பெயர் கூறுதல் முறையன்று. தாயின் இசைவு பெற்றே இவ்வளவும் கூறுகின்றோம். அவளுக்குக் கழுத்து இன்னும் முழுமையாக நிலைகொள்ளவில்லை. தூக்கி நிறுத்தினால் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சென்ற ஆண்டு வணிகர் ஒருவர் அவ்வீட்டிற்கு வந்து, மின்சாரத்தால் அதிரும் பலகை ஒன்றைக் காட்டினார். நாள்தோறும் இதன்மேல் நிறுத்தினால் ஆறே மாதத்தில் குழந்தை நடந்துவிடும் என்று உறுதி கூறினார். விலையோ நம்மனோர்க்கு மூன்று மாதச் சம்பளம். வளையல்களை அடகு வைக்கத் துணிந்த அத்தாய், அதற்கு முன் எம் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணா, இது மெய்தானா என்று நீங்கள் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள், அதன் பிறகே பணம் கட்டுவோம்" என்றார்.

இவ்வாறு கேட்பவரிடம் மேம்போக்காக விடை கூற இயலுமா? விடுமுறை நாள்களில் பாளையத்து மாநில மைய நூலகத்திற்குச் சென்றோம். மகன் கணிப்பொறியில் தேடித் தந்த கட்டுரைகளை அகராதியும் கையுமாக அமர்ந்து படித்தோம். இயன்முறை மருத்துவப் பயிற்சியாளர் இருவரிடம் ஐயம் தெளிந்தோம். நான்கு மாத உழைப்பில் தெரிந்தவற்றையே இங்கு உங்கள்முன் வைக்கின்றோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். மூளை முடக்குவாதம் என்று இதனை வழங்குகின்றனர். கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சில காலத்துள்ளோ வளரும் மூளைக்கு நேர்ந்த ஊறு இது. குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் முதலியன இதற்குக் காரணமாகின்றன. மூளையிலுள்ள ஊறு பிறகு பெருகுவதில்லை. ஆனால் குழந்தை வளர வளர அதன் விளைவு தசையிலும் மூட்டிலும் எலும்பிலும் ஏறிக்கொண்டே போகும். இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1862-இல் இதனைக் கடினமான பிரசவத்தோடு தொடர்புபடுத்தி விளக்கினார்; நெடுங்காலம் இது அவர் பெயராலேயே வழங்கிற்று. பின்னர் மனநூலால் புகழ்பெற்ற பிராய்டு, 1897-இல் வெளியிட்ட நூலில், பல குழந்தைகளுக்குக் கோளாறு கருவிலேயே தொடங்கியிருக்கலாம் என்றும், கடினப் பிரசவமே அதன் விளைவாக இருக்கலாம் என்றும் வாதிட்டார். அறிஞர்களுக்கே இவ்வளவு கருத்து வேற்றுமை. நம் வீடுகளிலோ, "கிரகணத்தன்று வெளியே போனாள்" என்று மருமகள் தலையில் பழி சுமத்துவதற்கு ஒரு நொடியும் ஆவதில்லை! அப்பழிக்கு எள்ளளவும் ஆதாரம் இல்லை என்பதை இங்குள்ள பெரியவர்கள் மனங்கொள்ள வேண்டுகின்றோம்.

எல்லாக் குழந்தைகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 1997-இல் இக்குழந்தைகளை ஐந்து படிகளாக வகுத்தனர். முதற்படிக் குழந்தை தடையின்றி நடக்கும். ஓடுவதில் மட்டும் சிறிது தடுமாறும். ஐந்தாம் படிக் குழந்தைக்குத் தலையை நிமிர்த்திப் பிடிப்பதே அரிது. யாம் கூறிய குழந்தை ஐந்தாம் படியைச் சேர்ந்தவள். எந்தக் கருவியைப் பற்றிப் பிறர் புகழ்ந்தாலும், எந்தப் படிக் குழந்தைக்கு அது பயன்பட்டது என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

இனி அதிர்வுக்கு வருவோம். இச்சிகிச்சையின் பிறப்பில் நம் இரயில் வண்டிக்கும் பங்குண்டு என்று அறிந்தபோது எமக்கு ஏற்பட்ட வியப்பைச் சொல்லி முடியாது. பாரிஸ் நகரத்துச் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தேன் சார்க்கோ என்னும் பெரும் மருத்துவர் இருந்தார். நடுக்குவாதம் கொண்ட நோயாளிகள் சிலர், நெடுந்தொலைவு இரயிலிலோ குதிரை வண்டியிலோ பயணம் செய்து வந்தால் உடல் இலேசாகிறது என்று அவரிடம் கூறினர். நமக்கெல்லாம் இரவு முழுதும் வண்டியில் குலுங்கினால் இடுப்பு ஒடிகிறது. அவர்களுக்கோ சுகம் பிறந்திருக்கிறது! சார்க்கோ அதனைச் சிரித்து ஒதுக்கவில்லை. இரயில் பெட்டியின் குலுக்கலைப் போலவே அதிரும் மின்சார நாற்காலி ஒன்றைச் செய்வித்து, நோயாளிகளை அதில் அமர்த்திப் பார்த்து, 1892-இல் அது குறித்து விரிவுரையும் நிகழ்த்தினார். மறு ஆண்டே அவர் காலமானார். நாற்காலியும் மூலைக்குப் போயிற்று.

நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 2012-இல், அமெரிக்க நாட்டுச் சிகாகோவில் இதனை மீண்டும் சோதித்தனர். நடுக்குவாத நோயாளிகள் 23 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை அதிரும் நாற்காலியிலும், மற்றவரை அதிராத நாற்காலியில் இனிய ஒலிகளைக் கேட்கச் செய்தும் ஒரு மாதம் நாள்தோறும் அமர்த்தினர். இரு பிரிவினரும் ஓரளவு நலம் பெற்றனர். அதிர்ந்த நாற்காலி அதிராததை வெல்லவில்லை. அமைதியாக அமர்ந்ததும், ஒருவர் நம்மைக் கவனிக்கின்றார் என்னும் எண்ணமுமே அவர்களுக்குப் பாதி மருந்தாயின போலும். முதியோர்க்கு வரும் நடுக்குவாதம் வேறு, குழந்தைகளின் முடக்குவாதம் வேறு. எனினும் சோதனை செய்யும் முறையை இதிலிருந்து நாம் கற்கலாம். பலகையில் நின்ற குழந்தை தேறியது என்று ஒருவர் சொன்னால், நில்லாத குழந்தை என்ன ஆயிற்று என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இன்று காலை இம்மலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பேருந்து ஏறி வந்தபோது, மடியில் கிடந்த அக்குழந்தையின் கால்கள் சற்றே தளர்ந்திருந்ததை அவள் தாய் எமக்குக் காட்டினார். அது பொய்த் தோற்றமன்று. அதன் காரணத்தைச் சொல்கின்றோம்.

தசைகளுக்குள்ளே கதிர் போன்ற நுண்ணிய உணர்விகள் உள்ளன. தசை சற்று இழுபட்டால் அவை முதுகுத் தண்டுக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து 'சுருங்கு' என்னும் கட்டளை உடனே திரும்பி வரும். இக்கட்டளைகள் அளவு மீறாமல் மூளை மேலிருந்து அடக்கி வைக்கின்றது. மூளையிலிருந்து வரும் அவ்வடக்கம் குறைந்துவிட்டால், கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பு அறுந்த சிறு நிலையத்தார் தாமே வண்டிகளை விடத் தொடங்குவது போல, தண்டு தன் விருப்பப்படி சுருங்கு சுருங்கு என்று ஏவிக்கொண்டே இருக்கும். அதுவே கால் விறைப்பு.

தசையை விரைவாக அதிரச் செய்தால் இவ்வுணர்விகள் தூண்டப்படுகின்றன. 1966-இல் சுவீடன் நாட்டு அறிஞர்களான ஹாக்பார்த், எக்லண்ட் ஆகியோர், அதிர்வு படும் தசை தானே சுருங்குவதையும், அதற்கு எதிர்ப்புறத் தசை தளர்வதையும் ஆராய்ந்து வெளியிட்டனர். உடல் முழுதும் அதிர்ந்து ஓய்ந்த பின், தண்டின் மிகைத் துடிப்பு சிறிது நேரம் தணிந்திருக்கும் என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இங்கே 'சிறிது நேரம்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். வணிகர் அச்சொல்லை மட்டும் விட்டுவிடுகின்றார்.

இப்போது வழங்கும் பலகை எடை பார்க்கும் கருவியைப் போன்ற தோற்றமுடையது. ஒருவகை, குழந்தைகள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகை போல இடமும் வலமும் மாறி மாறி, நொடிக்கு 10 முதல் 30 முறை வரை எழுந்து தாழும். மற்றொரு வகை மேலும் கீழுமாக மிக நுட்பமாக அதிரும். நிற்க இயலாத குழந்தையைச் சாய்வு மேசையில் பட்டையால் பிணைத்து, பாதம் பலகையில் படும்படி நிறுத்துவர். மேசை நிமிர நிமிரக் காலில் சுமை கூடும்.

ஜெர்மனியின் கொலோன் நகரப் பல்கலைக்கழகத்தில் எக்கார்ட் ஷோனாவ் என்னும் குழந்தை மருத்துவரும் உடன் பணிபுரிந்தோரும் இம்முறையைப் பெரிதும் வளர்த்தனர். முடக்குவாதம் கொண்ட 78 குழந்தைகளுக்கு ஆறு மாதம் அளித்த பயிற்சியின் பலனை 2010-இல் வெளியிட்டனர். எலும்பு, தசை, இயக்கம் மூன்றிலும் முன்னேற்றம் கண்டதாக அதில் கூறப்பட்டது. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால் அக்குழந்தைகள் பலகையில் நின்றதோடு நிற்கவில்லை. இயன்முறைப் பயிற்சி, தசை வலுப்பயிற்சி, ஓடும் பட்டைமேல் நடைப்பயிற்சி ஆகியவற்றையும் செய்தனர். ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி பெறாத பிரிவும் இல்லை. நான்கு பேர் இழுத்த தேர் அசைந்தால், இன்னாரால்தான் அசைந்தது என்று எவ்வாறு சொல்வது? ஓராண்டு முதல் ஈராண்டு வரை அகவையுடைய 24 குழந்தைகளைக் கொண்டு ஒப்பீட்டு முறையில் அவர்களே ஒரு சோதனை நடத்தி 2016-இல் வெளியிட்டபோது, பலகையால் தீங்கு நேரவில்லை. கூடுதல் பயனும் தெளிவாகப் புலப்படவில்லை. தம் முறையைத் தாமே சோதித்து, கண்டதைக் கண்டபடி அச்சிட்ட அம்மருத்துவர்களை யாம் மதிக்கின்றோம்.

எலும்பைப் பொறுத்தவரை செய்தி சற்று நம்பிக்கையூட்டுவது. நடவாத குழந்தையின் எலும்பு சுமை தாங்காததால் மெலிந்துவிடும். உடை மாற்றும்போதே தொடை எலும்பு முறிந்த குழந்தைகள் உண்டு. இங்கிலாந்தில் நடந்து 2004-இல் வெளிவந்த ஆய்வில், உடற்குறை உடைய, ஆனால் நிற்கக் கூடிய, 20 குழந்தைகள் நாளைக்குப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், ஆறு மாதம் மெல்லிய அதிர்வுப் பலகைமேல் நின்றனர். பத்துப் பேருக்குப் பலகை அதிர்ந்தது. பத்துப் பேருக்கு அதிரவில்லை. அதிர்ந்தவர்களின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் உட்செறிவு 6.3 விழுக்காடு கூடிற்று, மற்றவர்களுக்கு 11.9 விழுக்காடு குறைந்தது. தசையில் மாறுதல் இல்லை. விதித்த பத்து நிமிடத்தில் சராசரியாக நான்கரை நிமிடத்திற்கும் குறைவாகவே குழந்தைகள் நின்றனர் என்பதையும் ஆய்வாளர் மறைக்கவில்லை. பிள்ளைகள் எங்கும் பிள்ளைகள்தாமே!

ஆக, யாம் அத்தாய்க்குக் கூறிய விடை இது: "அம்மா, பலகை வெறும் ஏமாற்று வித்தை அன்று; அது ஒரு துணைக் கருவி. தேர்ந்த பயிற்சியாளர் கையில், தக்க குழந்தைக்கு, பிற பயிற்சிகளோடு சேர்ந்து ஓரளவு உதவலாம். ஆறு மாதத்தில் நடக்க வைக்கும் என்பதற்கு யாம் படித்த ஒரு தாளிலும் சான்று இல்லை. அதிலும் ஐந்தாம் படிக் குழந்தைக்குச் சான்று மிகக் குறைவு. வளையலை அடகு வைக்காதீர்கள்."

மற்றொன்றும் கூறினோம். கடைத்தெருவில் உடல் இளைப்பதற்கென விற்கப்படும் பலகை வேறு. மருத்துவப் பலகை வேறு. வணிகர் கொண்டுவந்தது முதல் வகையே. எத்தனை முறை, எவ்வளவு வலிவோடு அதிர்கிறது என்று அவரால் எழுத்தில் தர இயலவில்லை. இடுப்பு மூட்டு நழுவிய குழந்தை, அடங்காத வலிப்பு உடைய குழந்தை, அண்மையில் எலும்பு முறிந்த அல்லது அறுவை செய்த குழந்தை ஆகியோரை மருத்துவர் சொல்லாமல் எந்தப் பலகையிலும் ஏற்றலாகாது. அக்குழந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. சுவீடனின் தென்பகுதியில் 1994 முதல் இக்குழந்தைகளின் இடுப்பை முறையாகப் படமெடுத்துக் கண்காணித்து, மூட்டு நழுவுதலை ஏறத்தாழ இல்லாமற் செய்துவிட்டனர். முதற்செலவு எக்ஸ்ரேக்கே என்று வற்புறுத்தினோம், எடுத்தனர்.

"அப்படியானால் வேறு என்ன செய்வது?" என்பது அடுத்த கேள்வி. இக்கேள்வி இம்மலையில் எழும்போது மேலும் கனமாகின்றது. இங்குள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்வோருள் நம்மைப் போலவே தமிழ் வழி வந்தோரும் உண்டு. அங்கே ஒரு வீட்டில் இத்தகைய குழந்தை இருப்பின், கல்லாறு, விதுரா, நெடுமங்காடு கடந்து சுமார் 60 கிலோமீட்டர் இறங்கி நகரத்திற்கு வர வேண்டும். கொழுந்து பறிக்கும் தாய் ஒருநாள் கூலியை விட்டு வாரம் மூன்று முறை வருவாளா? நகரத்து மருத்துவமனையில் எத்தனை உயர்ந்த பலகை இருந்தாலும் அவளுக்கு அது எட்டாக் கனி. ஆகவே வீட்டில் செய்யக் கூடியது எதுவோ அதுவே அவளுக்குச் சிகிச்சை.

நற்பேறாக, அறிவியலும் அதையே சொல்கின்றது. ஆஸ்திரேலிய நாட்டு அயோனா நோவாக் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் இந்நோய்க்கு வழங்கும் 64 வகைச் சிகிச்சைகளைச் சீர்தூக்கி 2013-இல் வெளியிட்டனர். பிறர் கையால் குழந்தையை நீட்டி மடக்குவதினும், குழந்தை தானே விரும்பி ஒரு செயலை முயன்று, மீண்டும் மீண்டும் பழகுவதே வலுவான சான்றுடையது என்பது அதில் தெளிவாயிற்று. பயிற்சியாளர் வகுத்துத் தந்து வீட்டில் நடத்தும் பயிற்சியும் அந்நல்ல வரிசையில் இடம்பெற்றது. குழந்தைக்குக் குறிக்கோள் வேண்டும். காலை நீட்டு என்றால் அது நீட்டாது. எதிரே பந்து இருந்தால் உதைக்கப் பார்க்கும்.

நம் காலனிக் குழந்தைக்குப் பயிற்சியாளர் வகுத்த குறிக்கோள் மிகச் சிறியது: உணவு வேளையில் சாயாமல் அமர்தல், தட்டிலிருந்து ஒரு துண்டு இட்டிலியைத் தானே எடுத்தல். அதற்கென நம் உறுப்பினர் ஒருவர், தச்சு வேலை அறிந்தவர், மூலைச் சுவர் போல் முதுகை இருபுறமும் தாங்கும் நாற்காலி ஒன்றும், மார்பளவு தாங்கும் நிற்கும் சட்டம் ஒன்றும் பழைய பலகைகளைக் கொண்டு செய்து கொடுத்தார். அளவுகளைப் பயிற்சியாளரே குறித்துத் தந்தார். மரத்திற்கும் பஞ்சணைக்கும் ஆன செலவு, வணிகர் கேட்ட தொகைக்கு முன் ஒன்றுமேயில்லை. நாள்தோறும் சட்டத்தில் நிற்கின்றாள். எலும்பில் சுமை ஏறுகின்றது. அதிர்வு இல்லை, அருகில் பாட்டியின் கதை உண்டு.

பதினோரு மாதங்கள் ஆயின. குழந்தை நடக்கவில்லை. நடப்பாள் என்று எவரும் சொல்லவும் இல்லை. நாற்காலியில் கால் மணி நேரம் தலை சாயாமல் அமர்கின்றாள். இட்டிலித் துண்டு பத்து முறையில் மூன்று முறை வாய்க்கு எட்டுகின்றது. எஞ்சியவை தங்கையின் மேல் விழுகின்றன. இரு பிள்ளைகளும் அதனை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொண்டிருக்கின்றனர். தாயின் வளையல்கள் கையில் இருக்கின்றன.

சிறு குழந்தையுடைய இளம் பெற்றோர்க்கும் ஒரு செய்தி. இக்குறையை எவ்வளவு விரைவில் கண்டறிகின்றோமோ அவ்வளவு நன்று. இதற்கென நம் திருவனந்தபுரத்திலேயே பிறந்த கருவி ஒன்று உண்டு. எம்.கே.சி. நாயர் என்னும் குழந்தை மருத்துவரும் உடன் பணிபுரிந்தோரும் 1991-இல் வெளியிட்ட வளர்ச்சிக் கணிப்பு அட்டவணை அது. திருவனந்தபுரத்தின் பெயரையே தாங்கியது. பிறப்பு முதல் ஈராண்டு வரை 17 செயல்கள் அதில் உள்ளன: முகம் பார்த்துச் சிரித்தல், தலை நிற்றல், கவிழ்தல், ஒரு கைப்பொருளை மறுகைக்கு மாற்றுதல், தனியே நடத்தல் என்று தொடரும். குழந்தையின் வயதுக்கு நேரே ஓர் எழுதுகோலை நிமிர்த்தி வைத்தால், அதற்கு இடப்புறம் முற்றும் அடங்கிய செயல்களை எல்லாம் குழந்தை செய்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மின்சாரம் வேண்டா, பட்டம் வேண்டா, ஓர் எழுதுகோல் போதும். எளிமையில் இதற்கு ஈடான கருவியை யாம் கண்டதில்லை. ஐந்து மாதமாகியும் தலை நிற்காத பிள்ளையை, "எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தாமதந்தான்" என்று சொல்லி வைத்திருக்காமல், மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். அவ்வட்டவணையின் படி ஒன்றைச் சங்கப் படிப்பகச் சுவரில் ஒட்டச் செயலாளர் இசைந்துள்ளார்.

இறுதியாக, எம் தொழிலைச் சார்ந்த ஒன்று. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத உடற்குறையாளர்க்கு இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கின்றது. இரண்டாம் வகுப்பிலும், படுக்கை வசதி வகுப்பிலும், மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் கட்டணத்தில் 75 விழுக்காடு தள்ளுபடி. இரண்டடுக்குக் குளிர்சாதனத்திலும் முதல் வகுப்புக் குளிர்சாதனத்திலும் 50 விழுக்காடு. துணை வரும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. வேலூருக்கோ சென்னைக்கோ சிகிச்சைக்குச் செல்வோர் பலர் இதனை அறியாமலே முழுக் கட்டணம் செலுத்துகின்றனர். அரசு மருத்துவர் இரயில்வேப் படிவத்தில் அளிக்கும் சான்று வேண்டும். அதனைக் கொண்டு இரயில்வே அடையாள அட்டை பெற வேண்டும். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மூளை முடக்குவாதத்தையும் தன் பட்டியலில் பெயர் குறித்தே சேர்த்துள்ளது என்பதை, சான்று கேட்கும்போது தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

படிவம் நிரப்பத் தெரியாதோர் புதன்தோறும் மாலை 6 மணிக்குப் படிப்பகத்திற்கு வருக. குழந்தையின் நிழற்படம், மருத்துவச் சான்று, முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று ஆகியவற்றை மறவாமல் கொண்டுவருக. தோட்டத்து லயங்களில் உங்களுக்கு உறவினர் இருப்பின் அவர்களுக்கும் சொல்லி அனுப்புக.